நரிக்கரட்டைச் சுற்றி ஓடியவள்

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடிந்தும் விடியாமலும் தேங்காய்க் களங்களில் கொப்பரைப் பருப்பைக் காயப்போட ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வசந்தாமணியால் ஓட்டத்தை நிறுத்த முடியாமல் போயிற்று. நரிக்கரடு என்கிற மொட்டைக் குன்றைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தார்ச்சாலை வளைந்து போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அந்தச் சாலையில் வாரம் தவறாமல் ஓடிப் பழகும் பத்துப் பன்னிரண்டு பேர் கடைசிச் சுற்றை முடித்துக்கொண்டு, எப்போதும் நிற்கிற டீக்கடை முன்னால் நின்று, முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கி, அவரவர் கைக்கடிகாரத்தை அமுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் கையை ஆட்டிவிட்டுக் கடையைத் தாண்டிப் போனாள். மார்கழியில் கோயமுத்தூரில் நடக்கும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அந்த வருஷம்தான் முதல்முதலாகப் பேர் கொடுத்திருந்தாள், ஆசையில் இன்னொரு சுற்றுப் போகிறாள் என்று நினைத்தார்கள். டீ குடித்து, வாழைப்பழம் தின்று, வண்டியை எடுக்கப் போகையில் அவள் திரும்பவும் வந்தாள். அதே வேகம், அதே மூச்சு. குழுவுக்கு வேகம் பிடித்துக் கொடுத்து முன்னால் ஓடுகிறவள் பிலோமினா, பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். அவள்தான் சாலையின் குறுக்கே வந்து சொன்னாள்.

"போதுங்கக்கா, நில்லுங்க."

"நிக்க வரலீங்க டீச்சர்," என்றாள் வசந்தாமணி, பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரலில். சொல்லிக்கொண்டே கடந்து போனாள்.

அவள் புருஷன் லோகநாதன் ஊருக்குள் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஆள் போய்ச் சொன்னதும் ஸ்கூட்டரில் வந்தார். களத்தில் மூட்டை தூக்கும் இரண்டு பேரை வைத்து அவளை மறித்துப் பிடித்துப் பார்த்தார்கள். தரையிலிருந்து தூக்கிய பிறகும் அவள் கால்கள் அந்தரத்தில் ஓடிக்கொண்டே இருந்தன, ஓட இடமில்லாமல் ஓடியதில் அவளுக்கு மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்தது, இறக்கி விட்டதும் ஓடினாள், நாலடி போனதும் முகம் தெளிந்தது. டவுனிலிருந்து வந்த டாக்டர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் முதுகில் கருவியை வைத்துப் பார்த்து, இதயம் ஒழுங்காக இருக்கிறது, நுரையீரல் ஒழுங்காக இருக்கிறது, நின்றால்தான் ஆபத்து என்று சொல்லிவிட்டு, வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல் இளநீர் கொடுக்கச் சொல்லிப் போனார்.

முதல் வாரம் கூட்டம் வந்தது. இரண்டாம் வாரம் கூட்டத்துக்குக் கடலை விற்கிறவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு ஊர் அவளுக்குப் பழகிவிட்டது, அல்லது அவளுக்கேற்ப ஊர் தன்னைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டது. களத்துப் பெண்கள் சாலையோரம் சிதறிக் கிடந்த தேங்காய் ஓடுகளை விடிகாலையில் கூட்டித் தள்ளினார்கள். லாரிக்காரர்கள் வளைவில் ஹாரன் அடிப்பதை விட்டார்கள். டவுன் பஸ் டிரைவர் அவளைத் தாண்டும்போது மட்டும் பாட்டைக் குறைத்தார். கிளுவை வேலிக்குள் மேய்ந்த மாடுகள்கூட முதலில் மிரண்டு, பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து, பிறகு பார்க்காமலேயே மேய்ந்தன. ரேஷன் கடைக்காரர் கைரேகை எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டிக் கூடவே ஓடி வந்து அவள் பெருவிரலை அமுக்கி வாங்கிப் போனார். மழை பெய்தால் அவள் குளித்தாள், பெய்யாத நாளில் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைக் களத்துப் பெண்கள் அவள் வரும் வழிக்குத் திருப்பி விட்டார்கள். தூக்கம் வந்தால் ஓடியபடியே கண்ணை மூடுவாள், குழுவில் இருவர் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்து வளைவுகளில் திருப்பி விட்டார்கள். கம்பங்கூழை மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி லோகநாதன் ஸ்கூட்டரில் கூடவே வந்து நீட்டினார், அவள் வாங்கிக் குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் வேகம் தவறாது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஓட்டக்காரர்கள் வந்தார்கள். நீள ஓட்டத்தில் தோற்கிறவர்கள் பாதிப் பேர் முதல் அஞ்சு கிலோமீட்டரில் அவசரப்பட்டுத்தான் தோற்கிறார்கள் என்பாள் பிலோமினா. வசந்தாமணியின் தோளைப் பிடித்தமாதிரி ஓடியவர்களுக்கு அந்த அவசரம் அடங்கிற்று. வங்கியில் வேலை செய்கிறவர், பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள், சர்க்கரை வியாதி வந்து ஓடத் தொடங்கிய மளிகைக்காரர் என்று எல்லோரும் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடினார்கள். அப்படி ஓடியவர்கள்தான் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். வண்டியில் வருகிறவர்களிடம் அவளுக்குப் பேச்சு வருவதில்லை. தண்ணி, கூழு, துண்டு என்று வேண்டியதைக் கேட்பாள், அவ்வளவுதான். கூட ஓடி, கால் சத்தமும் கால் சத்தமும் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் வாய் திறந்துகொள்ளும், மதகைத் திறந்த மாதிரி பேசுவாள்.

"இன்னைக்கு கெணத்துல நீச்சல் பழகுன கதையச் சொன்னாங்கண்ணா," என்றாள் பிலோமினா ஒரு நாள், டீக்கடையில் காலி பாட்டிலோடு உட்கார்ந்திருந்த லோகநாதனிடம். "மெதக்கறதுக்கு இடுப்புல காஞ்ச சொரக்குடுக்கையக் கட்டிக்கிட்டு, அவங்கப்பாரு மேட்டுல இருந்து தள்ளி விட்டாராம். பயந்து கத்துனது போயி, அப்பறம் வெளிய வரவே மாட்டேன்னு அழுதாங்களாம்."

"எங்கிட்டச் சொன்னதேயில்லீங்களே."

"கேட்டிருக்கீங்களாண்ணா?"

லோகநாதன் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த சுற்றில் ஸ்கூட்டரை அவளருகே கொண்டுபோய், "கெணத்துல நீச்சல் பழகுனியாமா, வசந்தா?" என்று கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள். சொல்ல வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது, உதடு பிரிந்தது. "தண்ணி குடுங்க," என்று மட்டும் வந்தது. கொடுத்தார். தாகம் இல்லாமலேயே அவள் குடித்தாள்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சண்டை என்று ஒன்றும் இல்லை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது, மகள் தாரணி போன் பண்ணினாள், சட்டையை எடுத்து வைத்திருக்கிறேன் என்பதற்கு மேல் பேச்சு வேண்டியிருக்கவுமில்லை. இப்போது அந்த ஊரில் மளிகைக்காரருக்கும் வங்கிக்காரருக்கும் அவர் பெண்டாட்டியைப் பற்றித் தெரிந்த அளவுகூட லோகநாதனுக்குத் தெரியவில்லை. மளிகைக்காரர் ஒரு நாள் பருப்பை நிறுத்துக்கொண்டே, "உங்க வீட்டம்மா நல்லாப் பாடறாங்களே," என்றார். அன்று சாயங்காலம் லோகநாதன் பிலோமினா வீட்டுக் கேட்டைத் தட்டி, "எனக்கு ஓடச் சொல்லிக் குடுங்க டீச்சர்," என்று கேட்டார்.

பிலோமினா அவர் தொந்தியைப் பார்த்தாள், வளைந்த முதுகைப் பார்த்தாள். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். வசந்தாமணியின் வேகம் கூடிக்கொண்டே வருகிறது. ஒரு நாளில் தெரியாது, ஒரு வாரத்தில் தெரியாது, கூட ஓடுகிறவர்கள் பின்தங்கும்போது தங்களுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் டவுன் பஸ் வரும்போது டீக்கடைப் பக்கம் இருப்பாள், இப்போது அதே பஸ் வருகையில் பனங்காட்டு வளைவைத் தாண்டியிருக்கிறாள்.

"நீங்க பழகப் பழக உங்க வேகமும் ஏறும், அவங்களுதும் ஏறும். என்னைக்காச்சும் ரெண்டும் ஒண்ணாச் சேரும்ணா. கொஞ்ச நாளைக்குத்தான். அதுக்கு மேல உங்க ஒடம்பு தாங்காது, அவங்க போயிட்டே இருப்பாங்க."

"கொஞ்ச நாள் போதுங்க," என்றார் லோகநாதன்.

முதலில் களத்தைச் சுற்றி நடந்தார். பிறகு ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஓடி, அடுத்ததுக்கு நடந்தார். களத்துப் பெண்கள் தலைத்துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், ஒரு மாதம் கழித்துச் சிரிப்பதை விட்டு, "இன்னொரு கம்பம் போங்கண்ணா," என்றார்கள். கெண்டைக்கால் நரம்பு இழுத்தது, பாதத்தில் கொப்புளம் வந்து உடைந்து காய்ந்து திரும்பவும் வந்தது, பட்டறையில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே உட்கார்ந்தபடி தூங்கினார். பிலோமினா அவரை வேகமாக ஓட விடவில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் உடம்பைக் கட்டும் என்று சொல்லி, ஓடும்போது ஏதாவது பேசச் சொன்னாள், பேசத் தெரியாத மனிதர் மோட்டார்களைப் பற்றிப் பேசினார், எந்தத் தோட்டத்து மோட்டார் எதனால் எரிந்தது என்று மூச்சு விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டே கரட்டைச் சுற்றினார். தாரணி கரூரிலிருந்து புருஷனோடு வந்தவள், சாலையோரம் நின்று, அம்மா கடந்து போவதையும், அரை மணி கழித்து அப்பா தத்தித் தத்திக் கடந்து போவதையும் பார்த்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

பொறுக்க முடியாமல் ஆடி மாதத்தில் ஒரு நாள், பிலோமினாவிடம் சொல்லாமல், வசந்தாமணி வரும்வரை காத்திருந்து அவளோடு சேர்ந்து ஓடினார். எதிர்காற்று. அவள் திரும்பிப் பார்த்துக் கண்ணை விரித்தாள். அவர் காலை அவள் காலோடு சேர்க்கப் பார்த்தார், ஒரு காலடி முந்திற்று, ஒரு காலடி பிந்திற்று, சேரவில்லை. நெஞ்சுக்குள் தீப்பிடித்த மாதிரி இருந்தது, பனங்காட்டு வளைவில் கால் மடங்கி முகம் தரையில் அடிக்க விழுந்தார். அவளால் நிற்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓடினாள், கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே ஓடினாள், வளைவு வந்து அவரை மறைத்துவிட்டது. அவள் திரும்பவும் அந்த இடத்துக்கு வந்தபோது சாலையில் கொஞ்சம் ரத்தமும் ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கூட ஓட யாரும் இல்லாத வேளை, யாரையும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. களத்துப் பெண்கள்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் எழுந்து நின்று சொன்னார்கள், உசுருக்கு ஒண்ணுமில்லைங்க, மூக்குத்தான் ஒடஞ்சிருக்குது, நாளைக்கு வந்துருவாரு.

கட்டுப் பிரித்ததும் திரும்பவும் தொடங்கினார். இந்த முறை பிலோமினா சொன்னதை ஒரு சொல் மீறவில்லை. தொந்தி கரைந்தது, கன்னம் ஒட்டிற்று, பழைய சட்டைகள் அவர்மேல் தொங்கின. கூட ஓடியவர்கள் அதற்குள் ஒவ்வொருவராய் உதிர்ந்திருந்தார்கள்: மளிகைக்காரர் போனார், பிறகு கணக்கெழுதுகிறவள், பிறகு வங்கிக்காரர். இப்போது அவளோடு சேர்ந்து ஓட முடிந்தது பிலோமினாவுக்கும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேருக்கும்தான். தூங்கும்போது முழங்கையைப் பிடிக்க ஆள் போதவில்லை, அவளுக்கும் தூக்கம் குறைந்து போயிற்று.

மார்கழி பிறந்து, பனி இறங்கி, காற்று அசையாமல் நின்ற ஒரு விடிகாலையில் பிலோமினா, "இன்னைக்குங்கண்ணா," என்றாள். டீக்கடை அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வசந்தாமணி வளைவில் தெரிந்ததும், லோகநாதனை முன்னாலேயே ஓட விட்டு, அவள் வந்து எட்டிப் பிடிக்கையில் வேகம் சரியாக இருக்கும்படி பிலோமினா பக்கத்தில் ஓடிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சேர்த்துவிட்டு விலகிக்கொண்டாள். இரண்டு கால் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றரை மாதிரி கேட்டது, பிறகு ஒன்றாய்க் கேட்டது.

"வந்துட்டீங்களா," என்றாள் வசந்தாமணி.

அவர் தலையை ஆட்டினார். சொல்ல வேண்டியதையெல்லாம் மாதக்கணக்காக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார், ஆனால் அந்த வேகத்துக்கு அவரிடம் இருந்த மூச்சு முழுவதும் காலுக்கே போய்விட்டது. "நான்," என்றார்.

"மூச்ச வீணாக்காதீங்க. நான் பேசறன், நீங்க வாங்க."

பேசினாள். களத்தைத் தாண்டும்போது, கல்யாணமான புதிதில் அவர் வீட்டில் இல்லாத மத்தியானங்களில் ரேடியோவோடு சேர்ந்து பாடியதைச் சொன்னாள். தாரணி வயிற்றிலிருந்தபோது பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று தன் ஊர்க் கதையெல்லாம் சொல்லி வைத்ததைச் சொன்னாள். பனங்காட்டு வளைவில், அவர் விழுந்த நாளில் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தை மிதிக்காமல் தாண்டிப் போனதைச் சொன்னாள். வேலியோரத்தில் மாடுகள் நின்றிருந்தன. சாலை நேராய் நீண்ட இடத்துக்கு வந்ததும் சொன்னாள்.

"அன்னைக்குக் கடைசிச் சுத்து ஓடையில, வீட்டுக்குப் போகாம இப்படியே போயிட்டிருந்தா நல்லாருக்குமேன்னு ஒரு நிமிசம் தோணுச்சுங்க. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. சும்மா தோணுச்சு. அதக் காலு கேட்டுக்கிச்சு." பிறகு, "இப்ப நிக்கோணும்னு தெனமும் சொல்றன். அதக் கேக்க மாட்டேங்குது," என்றாள்.

டீக்கடைக்கு முன்னால் சாலை மேடேறும். மேட்டில் அவருக்குக் கண் இருண்டது. இன்னும் கொஞ்ச தூரம் வாயைத் திறக்காமல் ஓடினால் இன்னும் கொஞ்சம் அவள் பேச்சைக் கேட்கலாம் என்று தெரியும், வாயைத் திறந்தால் கால் சத்தம் பிரிந்துவிடும் என்றும் தெரியும். எது வேண்டும் என்று யோசிக்க நேரமில்லை.

"மொத நாளே," என்றார், "உங்கூட, வந்திருக்கோணும்."

அவ்வளவுக்குத்தான் மூச்சிருந்தது. கால் தப்பிற்று. ஒரு காலடி பின்னால் போனார், பிறகு மூன்று, பிறகு பத்து. அவள் திரும்பினாள், வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. கையைத் தூக்கி மார்பின் மேல் வைத்துக்கொண்டு, அப்படியே பின்பக்கம் பார்த்தபடி மேட்டைத் தாண்டி இறங்கிப் போனாள். லோகநாதன் சாலை நடுவில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். பிலோமினா ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள், எழுந்திருக்கச் சொல்லவில்லை.

பிறகும் இரண்டு மூன்று நாள் முயன்று பார்த்தார், டீக்கடையிலிருந்து களம்வரைகூட வரவில்லை. பங்குனியில் கல்லூரிப் பையன்களும் பிலோமினாவும் விட்டுவிட்டார்கள். ஓட்டப் பந்தயங்களில் பதக்கம் வாங்கிய பையன்கள் ஊட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாதம் அவளோடு ஓடி, வெயில் ஏறியதும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவளோடு ஓடுகிறவர் எவருமில்லை. கூழ் கேட்பதும் நின்றது, தண்ணீர் கேட்பதும் நின்றது. முகம் பார்க்க முடியாத வேகம் வந்தபோது, அவள் கிளப்பும் காற்றில் பறக்காதபடி களத்துப் பெண்கள் தார்ப்பாயின் ஓரங்களில் கல் வைக்கப் பழகினார்கள். ஊரில் அவளைப் பற்றிய பேச்சு குறைந்தது. சாலையைக் கடக்கிறவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கொஞ்சம் நின்று, காற்று ஒன்று போன பிறகு கடந்தார்கள்.

லோகநாதன் மட்டும் ஓட்டத்தை விடவில்லை. போட்டி எதற்கும் பேர் கொடுக்கவில்லை, தன் வயசுக்கு வருகிற மெதுவான வேகத்தில் தினமும் விடிகாலையில் கரட்டைச் சுற்றி ஓடினார். அவள் பின்னாலிருந்து வந்து அவரைக் கடந்து போவாள். கடக்கிற நொடியில் அவர் காலும் அவள் காலும் ஒரே ஒரு தரம் சேர்ந்து விழும், அந்த ஒரு சேர்க்கைக்கு ஒரு சொல் வரும். "தாரணி," என்பாள், அடுத்த முறை, "எப்படி," என்பாள், அடுத்த முறை அவர், "நல்லாருக்குறா," என்பார். வேகம் கூடக் கூட அவள் அடிக்கடி வந்தாள், கடக்கிற நொடி இன்னும் குறுகிப் போயிற்று, ஒரு சொல் என்பது ஓரெழுத்தாய்ச் சிறுத்தது. ஒரு வாக்கியம் முடிய ஒரு வாரம் ஆயிற்று. அவர் வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, பட்டறையைத் திறந்து, கம்பியைச் சுற்றியபடி எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தாரணிக்கு ஐப்பசியில் பெண் பிறந்தது. அவர் ஓடிக்கொண்டே, "பொண்ணு," என்று இரண்டு சுற்றில் சொல்லிவிட்டார், அது அவளுக்குக் கேட்டிருக்கிறது என்று அன்று முழுவதும் வேகம் கொஞ்சம் தடுமாறியதில் தெரிந்தது. மறுநாள் தொடங்கி, "பே," என்றாள், "ரு," என்றாள். "நீயே வெய்யி," என்று நாலு சுற்றில் சொல்லி முடித்தார்.

பதில் வர நாளாயிற்று. கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த காலையில், பனங்காட்டு வளைவில், காதருகே, "வா," என்றாள்.

அவர் அதைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டார். வயசையும் முழங்காலையும் மறந்து, முகத்தில் மழை அடிக்க, அவள் போன திசையில் முழு வேகத்தில் ஓடினார், கடைசியில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அவள் சுற்றி வந்து மறுபடி கடந்தபோது, "ன," என்று கேட்டது. கூப்பிடவில்லை, பேத்திக்குப் பேர் சொல்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. வேலியை விட்டுவிட்டு, மெல்ல ஓடத் தொடங்கி, மூன்றாவது எழுத்துக்குக் காத்திருந்தார். காற்று வந்தது, வேட்டியைப் படபடக்க வைத்துவிட்டுப் போயிற்று. அடுத்த தரமும் காற்றுதான் வந்தது, எழுத்து வரவில்லை. அன்றைக்கு முழுவதும் ஓடினார், மறுநாளும் ஓடினார்.

கரூரிலிருந்து சம்பந்தி வீட்டார் பேர் வைக்க நல்ல நாள் பார்த்துவிட்டு, என்ன பேர் என்று கேட்டார்கள். வானதியாக இருக்கும் என்றாள் பிலோமினா. வானமதி என்றார் மளிகைக்காரர், அப்படி ஒரு பாட்டு அவள் பாடியதாக அவருக்கு ஞாபகம். தாரணி பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "வானதின்னே வெச்சரலாங்கப்பா. எத்தன நாளைக்குப் பாக்கறது," என்றாள்.

"பொறு கண்ணு. இன்னும் எழுத்து வர வேண்டியிருக்குது."

"அம்மாவால இனிமேல் சொல்ல முடியாதுங்கப்பா."

"தெரியும்," என்றார் லோகநாதன். "அதுக்காக நாமளா முடிச்சு வெச்சா, அவ சொல்ல வந்தது எதுன்னு இல்லாமப் போயிரும்."

தாரணி பிள்ளையைத் தட்டுவதை நிறுத்தினாள். பிறகு குனிந்து, பிள்ளையின் காதில் மூன்று முறை, "வான, வான, வான," என்று சொன்னாள். பிள்ளை கண்ணைத் திறந்து, பேருக்கு மிச்சம் ஏதோ வரப்போகிற மாதிரி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.